கடைசி வீட்டுக்கும் ஒரு கராம்பு

ராசா, உன் கல்யாணப் பத்திரிகை அடித்து வந்துவிட்டது. அச்சகத்துக்காரர் சிவப்பு மையைக் கஞ்சமாகப் போட்டுவிட்டார் என்று உன் அப்பா காலையிலிருந்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறார். எனக்கு அது பெரிதாகத் தெரியவில்லை. பத்திரிகை வெளியூர்க்காரர்களுக்குத்தான். இங்கே லயத்தில், இந்தத் தோட்டத்து வரிசை வீடுகளில், யாரும் பத்திரிகையைப் பார்த்துக் கல்யாணத்துக்கு வருவதில்லை. வீடு வீடாகப் போய் வெற்றிலை வைக்க வேண்டும். அடுத்த வாரம் நானும் அப்பாவும் அதற்குக் கிளம்புகிறோம். கிளம்புவதற்கு முன்னால் உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். நேரில் சொல்லலாம்தான். ஆனால் நீ கோயம்புத்தூரிலிருந்து வந்தால் சாயங்கால பஸ்ஸைப் பற்றியே பேசுவாய். நான் எதைச் சொன்னாலும் "சரிம்மா" என்று கைக்கடிகாரத்தைப் பார்ப்பாய். கடிதம் என்றால் முழுதும் படித்தாக வேண்டுமே, அதனால் எழுதுகிறேன்.

போன தடவை வந்தபோது உன் கடையில் புதிதாகப் போட்ட கராம்புப் பாக்கெட்டைக் கொண்டுவந்து காட்டினாய். நீ கிராம்பு என்கிறாய். நான் பிறந்த இடத்தில் கராம்பு என்றுதான் சொல்வோம், இந்த வயதில் நாக்கை மாற்ற முடியாது. வெளிநாட்டிலிருந்து வரும் சரக்குக்குச் சுங்க வரியை ஏற்றிவிட்டார்கள், வாங்கும் விலை எகிறிவிட்டது என்றாய். பிறகு அந்தப் பாக்கெட்டை என் கையில் கொடுத்து, "மேல போட்ட எடையும் விலையும் பழசுதாம்மா. உள்ள கொஞ்சம் கம்மி, அவ்வளவுதான். யாருக்கும் தெரியாது" என்று சிரித்தாய். உன் அப்பா எழுந்து பீன்ஸ் பறிக்கப் போய்விட்டார். நான் டீ போட அடுப்படிக்குப் போனேன். எங்களுக்குச் சம்மதம் என்று நீ நினைத்திருப்பாய். உண்மை அது இல்லை. இதே சிரிப்பை நாங்கள் ஒரு தடவை சிரித்திருக்கிறோம். நீ அப்போது மாமா வீட்டில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாய். லீவுக்கு வந்தபோது நடந்ததில் பாதியைத்தான் சொன்னோம். மீதியை இப்போது கேள்.

நாம் சிலோனிலிருந்து கப்பலேறி வந்த புதிது. கூட வந்தவர்கள் பெரும்பாலும் அரசாங்கத் தேயிலைத் தோட்டத்தில் பேர் பதிந்து கொழுந்தெடுக்கப் போனார்கள். உன் அப்பாவுக்கு மட்டும், காலையில் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கிற பிரட்டுக் களத்தில் போய்க் கைகட்டி நிற்க மனமில்லை. தொழில் தொடங்கக் கொடுத்த கடனை வாங்கி, லயத்துக்குக் கீழே ரோட்டுத் திருப்பத்தில் தகரம் போட்டு ஒரு கடை வைத்தார். அரிசி, பருப்பு, மண்ணெண்ணெய், சவுக்காரம், வெற்றிலை பாக்கு. குன்னூர் பஜாருக்குப் போக வேண்டுமென்றால் அரை நாள் வேலை கெடும், பஸ் காசும் போகும். அதனால் லயத்துச் சனம் எல்லாம் நம் கடைக்குத்தான் வந்தது. நாம் நல்லவர்கள் என்பதற்காக வந்தார்கள் என்று நான் வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன். வேறு கடை இல்லை என்பதற்காக வந்தார்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் எனக்கு விளங்கச் செல்லம்மா அக்கா வர வேண்டியிருந்தது.

கொழுந்தெடுக்கிற பெண்கள் சாமான் வாங்கும் விதம் உனக்குத் தெரியும். எடை சொல்லிக் கேட்க மாட்டார்கள். "பத்துக் காசுக்குக் கராம்பு, பத்துக் காசுக்கு மிளகு" என்று காசைச் சொல்லித்தான் கேட்பார்கள். நான் மத்தியான நேரத்தில் பழைய பேப்பரைக் கிழித்து, ஒரே எண்ணிக்கையாகப் போட்டுப் பத்துக் காசுப் பொட்டலங்களாக மடித்து டின்னில் போட்டு வைப்பேன். விலை கேட்கவும் வேண்டாம், சொல்லவும் வேண்டாம். அப்படி ஓடிக்கொண்டிருந்தபோதுதான் கராம்புக்கு வரி ஏறியது. மேட்டுப்பாளையம் மண்டிக்காரர், "ஏனுங்க, டூட்டிய ஏத்திப்போட்டாங்க, நான் என்னங்க பண்ணட்டும்" என்று சொல்லி முழுப் பாரத்தையும் நம் தலையில் வைத்து அனுப்பிவிட்டார். கராம்பும் நம்மைப் போலக் கடல் தாண்டி வருகிற சரக்கு, தண்டம் கட்டாமல் கரையேறாது என்று அன்றைக்கு உன் அப்பா வேடிக்கையாகத்தான் சொன்னார்.

கடையில் கராம்பு வாங்குகிறவர்கள் இரண்டு வகை. ஒன்று, துரை பங்களாச் சமையல்காரர். கேக்குக்கும் பிரியாணிக்கும் மொத்தமாக வாங்குவார், எடை போட்டு வாங்குவார். புது விலையைச் சொன்னதும் அவர் பையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, ஜீப் குன்னூர் போகிறது, அங்கே பார்த்துக்கொள்கிறேன் என்றார். அவரை விடக்கூடாது என்று உன் அப்பா பழைய விலைக்கே கொடுத்தார். அப்படியானால் ஏறிய வரியை எங்கே பிடிப்பது? டின்னில் இருந்த பொட்டலங்களைப் பார்த்தார். இனிமேல் ஒவ்வொன்றிலும் இரண்டு கராம்பு குறைத்து மடி என்றார். பத்துக் காசு பத்துக் காசாகவே இருக்கும், யாருக்கும் தெரியாது என்றார். நானும் சிரித்துக்கொண்டே மடித்தேன். எங்களுக்கு அது களவாகத் தோன்றவில்லை ராசா, கெட்டிக்காரத்தனமாகத் தோன்றியது. ஜீப்பில் போகிறவருக்கு வரி இல்லை, நடந்து வருகிறவளுக்கு வரி என்று பிரித்துவிட்டோம் என்பதை அன்றைக்கு நாங்கள் யோசிக்கவே இல்லை.

வெற்றிலை வைக்கிற வழக்கத்தை நீ சின்ன வயதில் பார்த்திருப்பாய், இப்போது மறந்திருப்பாய். கல்யாணத்துக்கு அழைக்கிறவர்கள் வெற்றிலையில் பாக்கை வைத்து மடித்து, மடிப்பு பிரியாமல் ஒரு கராம்பைக் குத்திக் கொடுப்பார்கள். வீட்டுக்கு ஒரு மடிப்பு, மடிப்புக்கு ஒரு கராம்பு. கருமாதிக்கு அழைக்கும்போதுதான் கராம்பு குத்தாமல் வெறுமனே மடித்துக் கொடுப்பது. சிலோன் தோட்டத்தில் இப்படித்தான், இங்கே வந்தும் நம் லயத்தில் இப்படித்தான். கராம்புப் பொட்டலத்தை முந்தின நாள் சாமிக்கு முன்னால் வைத்துவிடுவார்கள். பிரித்து எண்ணக்கூடாது. முதல் வீட்டு வாசலில் போய் நின்றுதான் பிரிப்பார்கள். எத்தனை வீட்டுக்கு எத்தனை பொட்டலம் என்பது எல்லாப் பெண்களுக்கும் மனப்பாடம்.

செல்லம்மா அக்கா மேல் லயத்துக்காரி. புருஷன் இல்லாமல் ஒற்றை ஆளாகக் கொழுந்தெடுத்து மகளை வளர்த்தவள். அந்த மகளுக்குக் கல்யாணம் வைத்திருந்தாள். அந்தக் கல்யாணத்தை அவள் அத்தனை நாள் தள்ளிப்போட்டதே தன் அண்ணன் மாரிமுத்துவுக்காகத்தான். அக்காவுக்கு முதலில் பாஸ்போர்ட் வந்து கப்பலேறிவிட்டாள். அண்ணனுக்கு வரவில்லை. வருஷக்கணக்கில் அவர் அங்கே, இவள் இங்கே. தாய்மாமன் வந்து மாலை போடாமல் மகளை மணையில் உட்கார வைக்க மாட்டேன் என்று இருந்தாள். கடைசியில் அவரும் வந்து சேர்ந்தார். புதிதாக வருகிறவர்களுக்கு லயத்தில் கடைசி வீடான கோடிக் காம்பிராதான் கிடைக்கும், கக்கூஸ் பக்கம். அதில் குடியிருந்தார். அவர் ஏற்கெனவே புண்பட்ட மனுஷன். ஊர் போச்சு, வேலை போச்சு, இங்கே பிறந்தவர்கள் சிலோன்காரன் என்கிறார்கள், முன்னால் வந்தவர்களோ புது ஆள் என்கிறார்கள். தங்கச்சி வீட்டுக் கல்யாணத்தில் தாய்மாமனாக நிற்பது ஒன்றுதான் அவருக்கு இந்த மண்ணில் கிடைத்திருந்த மரியாதை.

அக்கா நம் கடையில் பொட்டலம் வாங்கிப் போனாள். அவள் கணக்குப்படி சரியாக வாங்கினாள். நான்தான் டின்னிலிருந்து எடுத்துக் கொடுத்தேன், நல்லபடியாக நடக்கட்டும் அக்கா என்று வாழ்த்தியும் அனுப்பினேன். மறுநாள் லயத்தின் இந்த முனையிலிருந்து வரிசையாக வெற்றிலை வைத்துக்கொண்டு போயிருக்கிறாள். சொந்த அண்ணன்தானே என்று அவர் வீட்டைக் கடைசிக்கு விட்டிருக்கிறாள். அவர் வாசலுக்கு வரும்போது கராம்பு தீர்ந்துவிட்டது. வெளியே வந்து நின்றிருந்த அண்ணனிடம், குறைந்துவிட்டது, இதோ வாங்கி வருகிறேன் என்று சொல்ல வாயெடுத்திருக்கிறாள். அவர் மடிப்பைப் பார்த்தார், ஒன்றும் குத்தாமல் இருந்தது. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். ஊரெல்லாம் வைத்துவிட்டுக் கடைசியில் எனக்குக் கருமாதி வெற்றிலை கொண்டுவந்தாயா என்று உள்ளேயிருந்து கேட்டிருக்கிறார். கல்யாணத்துக்கு வரமாட்டேன் என்றும் சொல்லிவிட்டார். அத்தனை வருஷம் காத்திருந்த அண்ணன், பத்தடி தூரத்தில் கதவுக்குப் பின்னால்.

அக்கா நேராக நம் கடைக்கு வந்தாள். சத்தம் போடுவாள் என்று நினைத்தேன். பிரித்த பேப்பர்களை எல்லாம் ஒன்றாக மடித்துக் கொண்டுவந்து கல்லா மேல் வைத்தாள். உன் அப்பா பருப்பு அளப்பதுபோலக் குனிந்துகொண்டார். அவள் என்னைத்தான் பார்த்தாள். "வெலை ஏறிப்போச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, கூட ஒரு பொட்டலம் வாங்கியிருப்பேனே தங்கச்சி. நான் இல்லேன்னா சொல்லப்போறேன்?" என்றாள். அவ்வளவுதான். அவள் கண்ணில் தண்ணீர்கூட இல்லை. அவளுக்கு வரி கொடுக்க முடியாமல் இல்லை. கொடுப்பதா, வேண்டாமா, வேறெதைக் குறைப்பது என்று அவள் தன் வீட்டில் உட்கார்ந்து யோசித்திருப்பாள். அந்த யோசனையை அவளுக்குப் பதிலாக நாங்கள் செய்துவிட்டோம், அதையும் மறைத்துச் செய்தோம்.

உன் அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். அவர் முன்னால், அக்காவும் நானும் பின்னால். மாரிமுத்து அண்ணன் கதவைத் திறந்தார், ஆனால் உட்காரச் சொல்லவில்லை. உன் அப்பா வாசலில் நின்றபடியே, "கொறைச்சது நான்தாண்ணே. ஒங்க தங்கச்சி கணக்கு சரி" என்றார். வரி ஏறியது, மண்டிக்காரர் ஏற்றியது எல்லாவற்றையும் விவரமாகச் சொல்லிக்கொண்டே போனார். அண்ணன் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு நிதானமாகச் சொன்னார்: "கப்பல்ல ரெண்டு தையல் மெசின் கொண்டாந்தேன் தம்பி. கரையில எறங்குனதும் ஒண்ண விட்டாங்க, இன்னொண்ணுக்கு வரி கேட்டாங்க. என் மூஞ்சியப் பாத்து, இதுக்கு இவ்வளவுன்னு சொல்லிக் கேட்டாங்க. கட்ட வழியில்ல, அங்கனயே வித்துப்புட்டு வந்தேன். வயிறு எரிஞ்சுச்சு, ஆனா எதுக்குப் போச்சுன்னு எனக்குத் தெரியும். நீங்க கேக்கவே இல்லையே." உன் அப்பா கடையிலிருந்து கொண்டுவந்த கராம்புப் பொட்டலத்தை அக்காவிடம் நீட்டினார்.

அக்கா அங்கேயே தரையில் உட்கார்ந்து வெற்றிலையைப் புதிதாக மடித்துக் கராம்பு குத்தி அண்ணன் கையில் கொடுத்தாள். வாங்கிக்கொண்டார். மாலையும் போட்டார். மகளை மணையில் உட்கார வைக்கும்போது அண்ணனும் தங்கச்சியும் அழுத அழுகையில் நாதஸ்வரக்காரர் வாசிப்பதை நிறுத்திவிட்டார். எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்றுதான் உன்னிடம் சொன்னோம். சொல்லாமல் விட்டது இதுதான்: மாரிமுத்து அண்ணன் அதற்குப் பிறகு நம் கடையில் ஒரு தீப்பெட்டிகூட வாங்கவில்லை. வழியில் பார்த்தால் நன்றாகப் பேசுவார், உன் படிப்பைப் பற்றி விசாரிப்பார். சாமானுக்கு மட்டும் பஸ் காசு கொடுத்துக் குன்னூர் போய் வந்தார். கடைசிவரை அப்படியே இருந்தார். கடைப் பக்கம் வராததால் நீ இதுநாள்வரை அவரைச் சிடுமூஞ்சி என்று நினைத்திருந்தாய்.

அடுத்த தடவை சரக்கெடுக்கப் போகும்போது உன் அப்பா பர்லியாரில் பஸ்ஸை விட்டு இறங்கினார். அங்கே தோட்டங்களில் கராம்பு மரம் இருக்கிறதே, அதை விசாரிக்கப் போனார். அங்கேயும் விலை ஏறியிருந்தது. அந்த மரத்துக்கு யாரும் வரி போடவில்லை, ஆனாலும் வெளிநாட்டுச் சரக்கு ஏறினால் தன் சரக்கையும் ஏற்றிக்கொள்ளலாம் என்று தோட்டக்காரருக்குத் தெரிந்திருந்தது. இருந்தாலும் மண்டி விலையைவிடக் கொஞ்சம் குறைவு. ஒரு கைப்பிடி வாங்கிப் போய் மண்டிக்காரர் மேசையில் வைத்தார். அவர் அதைக் கடித்துப் பார்த்துவிட்டு, "சரிங்க, பாதி டூட்டிய நான் பாத்துக்கறேனுங்க, நம்ம பழக்கம் விட்டுப்போகக் கூடாது பாருங்க" என்றாராம். அதுவரை முடியவே முடியாது என்றிருந்த மனுஷர். இவருக்குப் போக வேறு இடம் இருக்கிறது என்று தெரிந்ததும் முடிந்துவிட்டது. மீதியில் கொஞ்சம் நாம் தாங்கினோம். மற்றதை விலையில் ஏற்றினோம். பொட்டலத்தில் பழையபடியே கராம்பு, ஆனால் இனி பத்துக் காசு இல்லை, இவ்வளவு என்று சிலேட்டில் எழுதிக் கடை முகப்பில் தொங்கவிட்டேன். படிக்கத் தெரியாதவர்களுக்கு வாயாலும் சொன்னேன். முணுமுணுத்தார்கள். சிலர் வாங்குவதைக் குறைத்தார்கள். பங்களாச் சமையல்காரருக்கும் அதே விலை என்றோம். ஜீப்பில் ஏறிப் போனவர் திரும்பி வரவே இல்லை. அது நமக்குப் பெரிய அடிதான். கொஞ்ச நாள் வீட்டில் கறி எடுக்கவில்லை.

நான் படித்தவள் இல்லை. ஆனால் கல்லாவுக்குப் பின்னால் அத்தனை வருஷம் நின்றதில் ஒன்று புரிந்தது. வரியை யார் கட்ட வேண்டும் என்று அரசாங்கம் எழுதி வைக்கலாம். அது துறைமுகத்தோடு சரி. அங்கிருந்து ஒவ்வொருவரும் அதை அடுத்தவர் பக்கம் தள்ளிக்கொண்டே வருவார்கள். தள்ள முடிந்தவர் தள்ளுவார், போக முடிந்தவர் வேறு கடைக்குப் போவார். போக இடமில்லாத ஒருவர் மேல் வந்து அது உட்கார்ந்துகொள்ளும். நாம் அப்படிப்பட்ட சனம் ராசா. நம்மை அங்கிருந்து இங்கே அனுப்புவது என்று இரண்டு அரசாங்கம் பேசி முடித்ததை, பெட்டியும் படுக்கையுமாகக் கப்பலேறி நாம் கட்டினோம். நம்மை யாரும் கேட்கவில்லை. கேட்காமல் எடுத்தால் எப்படி இருக்கும் என்று தெரிந்த நாமே, மேல் லயத்துப் பெண்களிடம் கேட்காமல் எடுத்தோம். அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

முழு வரியையும் நீயே சும என்று நான் சொல்ல வரவில்லை. கடை வைத்திருப்பவனும் சாப்பிட வேண்டும், வரப்போகிற பெண்ணுக்கும் நீ சோறு போட வேண்டும். உன் கடை மூடிவிட்டால் உன் வாடிக்கைக்காரர்களுக்கு அதனால் ஒரு லாபமும் இல்லை. விலையை ஏற்று. ஏற்றுவது பாவமில்லை. ஆனால் ஏற்றுவதற்கு முன்னால் உனக்குச் சரக்குக் கொடுப்பவரிடம் போய் உட்கார்ந்து பேசு, அவருடைய பங்கு என்ன என்று கேள். பெரிய ஹோட்டல்காரருக்குப் பழைய விலை, தெருவில் வந்து பாக்கெட் வாங்கும் அம்மாவுக்குப் புது விலை என்று வைக்காதே. உன் பங்கைக் குறைத்துக்கொண்டதுபோக மீதி எவ்வளவோ அதை வாயைத் திறந்து சொல். சொன்னால் நாலு பேர் கோபித்துக்கொண்டு போவார்கள். போகட்டும். போகிறவர்கள் உன்னை விலைக்காரன் என்பார்கள். சொல்லாமல் குறைத்தால், என்றைக்கோ ஒரு நாள் எடை போட்டுப் பார்த்துவிட்டு வேறொரு பேர் சொல்வார்கள். அந்தப் பேர் போகாது. மாரிமுத்து அண்ணன் இறந்த பிறகும் அவர் வீட்டம்மா சாமான் வாங்க நம் கடையைத் தாண்டித்தான் பஸ்ஸுக்குப் போகிறாள்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது உன் அப்பா பின்னால் வந்து நின்று படித்துவிட்டார். தன்னை ரொம்பக் கெட்டவனாக எழுதியிருக்கிறேன் என்று குறைப்பட்டுக்கொண்டார். பிறகு கொஞ்ச நேரம் கழித்து வந்து, பர்லியாருக்குப் போனதை எழுதினாயா என்று கேட்டார். எழுதினேன் என்றதும் சமாதானமாகிவிட்டார். மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு எந்த வேட்டி என்று இப்போதே பெட்டியைக் கிளறிக்கொண்டிருக்கிறார்.

நான் உன்னிடம் கேட்பது ஒன்றுதான். வெற்றிலை வைக்கக் கராம்பு வேண்டும். குன்னூரில் வாங்க எனக்கு இஷ்டமில்லை, என் மகன் கடையிலிருந்தே வர வேண்டும். லயத்து வீடுகளை எண்ணிக் கணக்கு சொல்கிறேன், பாக்கெட்டின் மேல் நீ என்ன எடை போட்டிருக்கிறாயோ அதை நம்பி எத்தனை பாக்கெட் என்று சொல்கிறேன். சனிக்கிழமை பஸ்ஸில் கொடுத்துவிடு. சாமிக்கு முன்னால் வைப்பேன், வழக்கப்படி பிரித்து எண்ண மாட்டேன். முதல் வீட்டு வாசலில்தான் பிரிப்பேன். அங்கிருந்து வரிசையாக வைத்துக்கொண்டே போவேன். கோடிக் காம்பிராவில் மாரிமுத்து அண்ணன் வீட்டம்மா தனியாக இருக்கிறாள். அவள் வீட்டுக்குத்தான் கடைசியாகப் போவேன்.